கால் மாத்திரை கணக்கு

இந்த வாரம் நம்ம பக்கத்துக்கு வந்த மெயில்களில் ஒண்ணு, படிச்சதும் கொஞ்சம் பக்குனு ஆக்கிடுச்சு. எழுதினவர் மூணாம் வருஷம் படிக்கிறார். பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார், போடலை. விஷயம் இதுதான். அவரோட ரூம்மேட்டுக்கு டாக்டர் மனச்சோர்வுக்காக ஃப்ளூவாக்ஸெடின் 20 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்கார். கிளாஸ்ல ஒரு மேதாவி, ‘இவ்வளவு எதுக்குடா? பத்துல ஒரு பங்கு போதும். மூளையில ஸ்டீராய்டு ஊறும், சைட் எஃபெக்டே கிடையாது, ரிசர்ச்சே வந்திருக்கு’னு அடிச்சு விட்டிருக்கார். ரூம்மேட் இப்போ கேப்ஸ்யூலைப் பிரிச்சு, பொடியை ஸ்கேல் வெச்சுப் பங்கு போட்டுச் சாப்பிடுறாராம். கடைசி வரியில, ‘செமஸ்டர் டென்ஷனுக்கு நானும் ஒரு பங்கு போடலாமா?’னு ஒரு கேள்வி வேற.

‘கூடாது’னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டு கேன்டீனுக்குப் போயிருக்கலாம். பிரச்னை என்னன்னா, மேதாவி சொன்ன ரிசர்ச் நிஜமாவே இருக்கு. சும்மா சொல்லக் கூடாது, சூப்பரான ரிசர்ச்! அதை முழுசா சொல்லாம ‘கூடாது’ன்னா நீங்க என்னை நம்ப மாட்டீங்க. நான் எலெக்ட்ரானிக்ஸ் பார்ட்டி. பயாலஜிக்குப் பத்தாவதோட டாட்டா காட்டினவன். அதனால சர்க்யூட் மொழியிலதான் சொல்ல வரும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

முதல்ல ஸ்டீராய்டு. கேட்டதும் ஜிம்முல ஆர்ம்ஸ் காட்டுற அண்ணன்தான் ஞாபகத்துக்கு வருவார். அவர் போடுறது அந்தக் குடும்பத்துல ஒரு பிள்ளை மட்டும்தான். நாலு கார்பன் வளையம் ஒட்டின ஒரே மாதிரி சட்டம் கொண்ட எல்லாமே ஸ்டீராய்டுதான். கொலஸ்ட்ரால், கார்ட்டிசால், டெஸ்டோஸ்டிரோன், புரோஜெஸ்டிரோன் எல்லாரும் பங்காளிங்க. இதுல சிலதை மூளையே சொந்தமா தயாரிக்குதுனு ஃபிரான்ஸ்ல எட்டியேன்-எமில் பௌலியூ குழு 1981-ல் காட்டினாங்க. உடம்புல ஸ்டீராய்டு செய்யற சுரப்பிகளை எடுத்த பிறகும் எலிகளோட மூளையில் அது குறையாம இருந்தது. ‘நியூரோஸ்டீராய்டு’ங்கிற பேர் அப்போ வந்ததுதான்.

ஸ்டீராய்டுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? ஸ்ட்ரெஸ்னு இன்னிக்கு நாம டீக்கடையில கூட சொல்ற வார்த்தையை மருத்துவத்துல பிரபலமாக்கின ஹான்ஸ் செல்யே இருக்காரே, அவர் 1941-லயே மான்ட்ரியால்ல ஒண்ணு கவனிச்சார். எலிக்குப் புரோஜெஸ்டிரோனை அதிகமா ஏத்தினா அது மயங்கித் தூங்கிடுது. ஏன்னு தெரிய 45 வருஷம் ஆச்சு. 1986-ல் அமெரிக்காவுல மரியா மயேவ்ஸ்கா குழு விடை சொன்னாங்க. தூங்க வெச்சது புரோஜெஸ்டிரோன் இல்ல. அது உடம்புல உடைஞ்சு உருவாகிற இன்னொரு பொருள். பேர் அல்லோப்ரெக்னனலோன். ஒரு மூச்சுல சொல்லிட்டீங்கன்னா வைவாவுல பாஸ்! இந்தக் கட்டுரை முடியற வரைக்கும் ‘அல்லோ’னு சுருக்கிக்கலாம்.

அல்லோ என்ன பண்ணும்? மூளையில காபா-னு ஒரு வேதிப்பொருள் இருக்கு. அது நரம்பு செல்லுக்கு பிரேக். செல்லோட சுவர்ல இருக்கிற ஒரு குட்டிக் கதவை காபா திறக்கும், குளோரைடு உள்ளே போகும், செல் அமைதியாகும். திறந்த கதவு சீக்கிரம் மூடாம பார்த்துக்கிறதுதான் அல்லோவோட வேலை. சர்க்யூட்ல சொன்னா இது சிக்னல் இல்ல, கெயின். சத்தம் போடுறது காபா, வால்யூமைக் கூட்டுறது அல்லோ.

இனிதான் மாத்திரை கதைக்குள்ள வருது. ஃப்ளூவாக்ஸெடின், அதாவது அமெரிக்காவுல ப்ரோஸாக்கா 1987-ல் அனுமதி வாங்கின மருந்து, செரட்டோனின் மருந்துனுதான் உலகம் முழுக்கத் தெரியும். ஒரு செல் வெளியே விட்ட செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சாம தடுக்கும், அவ்வளவுதான்னு நினைச்சாங்க. எர்மினியோ கோஸ்டா, அலெஸாண்ட்ரோ குயிடோட்டி குழுவுக்கு அதுல ஒரு சந்தேகம். 1996-ல் எலிகளுக்கு ஃப்ளூவாக்ஸெடின் கொடுத்து மூளையை அளந்து பார்த்தா, அல்லோ ஏறியிருக்கு. பழைய ரக மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின் கொடுத்த எலிகள்ல ஏறலை.

1998-ல் அதே குழு மனுஷங்ககிட்ட வந்தாங்க. மனச்சோர்வு கடுமையா இருந்த சிலரோட முதுகுத்தண்டு நீரைப் பரிசோதிச்சப்போ, மத்தவங்களைவிட அல்லோ சுமார் 60 சதவீதம் குறைவு. ஃப்ளூவாக்ஸெடினோ, ஃப்ளூவாக்சமினோ 8 முதல் 10 வாரம் கொடுத்த பிறகு அளவு இயல்புக்கு வந்தது. யாருக்கு அல்லோ நல்லா ஏறியதோ அவங்களுக்கு அறிகுறியும் நல்லா குறைஞ்சிருந்தது. ஆனா பரிசோதிச்ச ஆட்கள் கொஞ்சப் பேர்தான். கொடுத்ததும் வழக்கமான முழு டோஸ். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அடுத்தது சிகாகோ சுண்டெலிகள். இல்லினாய் பல்கலைக்கழகத்துல கிராசியானோ பின்னா, கோஸ்டா, குயிடோட்டி மூணு பேரும் ஆண் சுண்டெலிகளைத் தனித்தனிக் கூண்டுல வாரக்கணக்குல போட்டாங்க. பேச்சுத் துணைக்குக் கூட ஒரு எலி கிடையாது. ஸ்டடி ஹாலிடேஸ்ல ஹாஸ்டல்ல தனியா மாட்டினவங்களுக்குப் புரியும். அந்த எலிகளோட மூளையில் அல்லோ ஏறக்குறைய பாதியா குறைஞ்சிடுச்சு. புது எலி ஒண்ணை உள்ளே விட்டா, பாஞ்சு கடிக்குது. ஃப்ளூவாக்ஸெடின் கொடுத்ததும் அல்லோ ஏறுது, சண்டை குறையுது. இது 2003.

இங்கேதான் அந்தப் பத்துல ஒரு பங்கு கதை பிறந்தது. எலியைச் சாந்தப்படுத்தின டோஸ், செரட்டோனின் உறிஞ்சலைத் தடுக்கத் தேவையான டோஸைவிட ரொம்பக் கம்மி. அப்படின்னா வேலை பார்க்கிறது செரட்டோனின் வழியா, வேற வழியா? அவங்க அதைச் சோதிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஃப்ளூவாக்ஸெடின் மூலக்கூறு, நம்ம வலது கை, இடது கை மாதிரி ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பமா ரெண்டு வடிவத்துல இருக்கும். கடையில கிடைக்கிறது ரெண்டும் கலந்த கலவை. செரட்டோனின் வேலையில ரெண்டு கைக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா அல்லோவை ஏத்துறதுல ஒரு கை மட்டும் கில்லாடி, இன்னொண்ணு சுமார். ரெண்டு வேலையும் ஒரே வழியா நடந்திருந்தா இந்த வித்தியாசம் வந்திருக்கவே கூடாது. அது போதாதுன்னு, எலியோட மூளையில செரட்டோனினையே பெரும்பாலும் காலி பண்ணிட்டும் பார்த்தாங்க. அப்பவும் அந்தக் கை தன் வேலையை விடலை. ரெண்டு சுவிட்ச், ஒரே பேனல்! 2009-ல் இதுக்குப் பேரே வெச்சாங்க: குறைஞ்ச டோஸ்ல இந்த மருந்துகள் ‘மூளை ஸ்டீராய்டு தூண்டிகள்’.

மேதாவி இந்த இடத்துல படிக்கிறதை நிறுத்திட்டார்னு நினைக்கிறேன். கதை நிக்கலை.

மருந்து அல்லோவை எப்படி ஏத்துது? 1999-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் லிசா கிரிஃபின், சிந்தியா மெலன் ரெண்டு பேரும், அல்லோ தயாராகிற கடைசிப் படியில இருக்கிற என்ஸைமையே மருந்து நேரா முடுக்கி விடுதுனு டெஸ்ட் டியூப்ல காட்டினாங்க. ஆஹானு எல்லாரும் கைதட்டினாங்க. 2002-ல் வேற ஒரு குழு அதே மனித என்ஸைமை எடுத்து அளந்தாங்க. முடுக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. லேப்ல உங்க ரீடிங்கும் பக்கத்து பேட்ச் ரீடிங்கும் ஒத்துப் போகலைன்னா மேடம் ரெக்கார்டுல கையெழுத்துப் போட மாட்டாங்க இல்ல? அந்த மாதிரிதான், எப்படி நடக்குதுங்கிற கேள்வி இன்னும் கையெழுத்தாகாம இருக்கு.

அடுத்தது கணக்கு. நம்ம ஏரியா. மாத்திரையைக் கால் பங்காக்கினா விளைவும் கால் பங்காகும்னு ரூம்மேட் நினைக்கிறார். நேர்கோட்டு கிராஃப். இந்த மருந்துகளோட கிராஃப் அப்படி இருக்காது. கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிற மாதிரி முதல்ல சரசரனு ஏறி, அப்புறம் படுத்துக்கும். இதே ரகத்துல சிட்டலோப்ராம்னு ஒரு மருந்து. அது மனித மூளையில செரட்டோனினை உறிஞ்சற பம்ப்புகளை எவ்வளவு அடைக்குதுனு ஸ்கேன்ல அளந்திருக்காங்க. 20 மில்லிகிராம் சாப்பிட்டா 80 சதவீதம் அடைபடும். பாதி பம்ப்பை அடைக்க எவ்வளவு வேணும்? 10 மில்லிகிராம்னு வாய் வரைக்கும் வருதா? இல்ல, மூணரை மில்லிகிராம் பக்கம். அதாவது ஆறுல ஒரு பங்கு. 10 சதவீதத்துக்குக் கீழே போகணும்னா அரை மில்லிகிராமும் இருக்கக் கூடாது. ‘செரட்டோனினைத் தொடாம ஸ்டீராய்டை மட்டும் ஏத்துற டோஸ்’ எலிக்கு இருக்கலாம். ஹாஸ்டல் ஸ்கேல் முனையில மனுஷனுக்கு அது சிக்காது பாஸ்.

ஃப்ளூவாக்ஸெடின்ல இன்னொரு சிக்கல் இருக்கு. அது உடம்புல நார்ஃப்ளூவாக்ஸெடினா மாறும். அது பாதியா குறையவே 4 முதல் 16 நாள் ஆகும். நடுவுல 10 நாள்னு வெச்சு, ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ்ல படிச்ச எக்ஸ்போனென்ஷியலைப் போடுங்க. தினமும் ஒரே அளவு சாப்பிட்டா, கடைசியில ஒரு நாளைக்கு உருவாகிறதைப் போல சுமார் 14 மடங்கு உடம்புல தேங்கி நிக்கும். அந்த நிலைக்கு வரவும், அங்கேயிருந்து இறங்கவும் ஒண்ணரை மாசத்துக்கு மேல ஆகும். ரூம்மேட் போன வாரம் டோஸைக் குறைச்சார், ‘பாரு, நல்லாத்தானே இருக்கேன்’னு சொல்றார்னா, அவரைத் தாங்கிட்டு இருக்கிறது இந்தப் பொடி இல்ல, போன மாசம் சாப்பிட்ட முழு கேப்ஸ்யூல். டேங்க் காலியாகிறது தெரியாம வண்டி ஓடிட்டிருக்கு. அது நிக்கிற நாள் பார்த்து பிராக்டிகல் எக்ஸாம் கூட வரலாம்.

இன்னொண்ணு சீரியஸா சொல்லியே ஆகணும். 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 18 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்காக இந்த மருந்துகள் மேல கறுப்புப் பெட்டி எச்சரிக்கை போட்டது. 2007-ல் அதை 24 வயசு வரைக்கும் நீட்டினாங்க. நம்ம கிளாஸ் மொத்தமும் அந்த வயசுலதான் உட்கார்ந்திருக்கு. டம்மி மாத்திரை சாப்பிட்டவங்களோட ஒப்பிட்டா, 18-லிருந்து 24 வயசுக்காரங்கள்ல 1000 பேருக்கு 5 பேர் கூடுதலா தற்கொலை எண்ணமோ முயற்சியோ காட்டினாங்க. 25-க்கு மேல அந்தக் கூடுதல் இல்ல. 65-க்கு மேல குறையவே செய்யுது. எப்போ கவனமா இருக்கணும்னும் அதுலயே சொல்லியிருக்காங்க: ஆரம்பிக்கிற முதல் சில மாசங்கள்லயும், டோஸ் மாத்துற போதும். ஏத்தினாலும் சரி, இறக்கினாலும் சரி. ரூம்மேட் ஸ்கேல் வெச்சுப் பண்ணிட்டிருக்கிறது சரியா இந்த ரெண்டாவது வகை.

இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி டஸ்ட்பின்ல போட்டுடாதீங்க. அந்த எச்சரிக்கையிலயே, மனச்சோர்வை வைத்தியம் பண்ணாம விடறதும் அதே ஆபத்துதான்னு எழுதியிருக்கு. ரூம்மேட்டுக்கு 20 மில்லிகிராம்ல வயித்தைப் புரட்டுதா, தூக்கம் வரலையா, வேற ஏதாவது சொல்லக் கூச்சமான தொந்தரவா? டோஸ் குறைக்கணும்னா டாக்டர்ட்ட அதுக்குப் படிப்படியான வழி இருக்கு, மருந்தை மாத்தவும் வழி இருக்கு. ‘நானே குறைச்சு இத்தனை நாளாச்சு சார்’னு உண்மையைச் சொன்னா போதும். திட்டுவாரா? ரெண்டு நிமிஷம் திட்டுவார், வாங்கிக்கோங்க. உடனே யார்கிட்டயாவது பேசணும்னா, மத்திய அரசோட டெலி-மானஸ் இருக்கு. 14416, இலவசம், ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். மெயில் அனுப்பினவரே, இதை ரூம்மேட்கிட்ட கொடுத்துட்டு சும்மா இருந்துடாதீங்க, கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்க செமஸ்டர் டென்ஷனுக்கு அவரோட கேப்ஸ்யூல்ல பங்கு கிடையாது. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்து அது. மெடிக்கல் ஷாப் அண்ணன் தெரிஞ்சவர்ங்கிறது சீட்டு ஆகாது.

சரி, அல்லோ நல்லவனா கெட்டவனா? தோழிகளுக்கு இது நல்லாத் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம். மாதவிலக்குக்கு முந்தின ஒண்ணு ரெண்டு வாரம் சிலருக்கு மனசு மொத்தமா கவுந்துடும். சும்மா எரிச்சல் இல்ல. படிப்பு, நட்பு எல்லாத்தையும் உடைக்கிற அளவுக்கு. இதுக்கு ஃப்ளூவாக்ஸெடினை 2000-ல் அமெரிக்காவுல அனுமதிச்சாங்க. ஆச்சரியம் என்னன்னா, மனச்சோர்வுல வாரக்கணக்குல காக்க வைக்கிற அதே மருந்து, இதுல சில நாள்லயே கேட்குது. மாசம் முழுக்கக் கூட வேண்டாம், அந்த ரெண்டு வாரம் போதும். இந்த வேகத்துக்குக் காரணம் ஸ்டீராய்டு வழிதான்னு பல விஞ்ஞானிகள் நினைக்கிறாங்க. ஆனா டோஸ்? அங்கேயும் 20 மில்லிகிராம்தான், பொடி இல்ல.

அதுலயும் ஒரு ட்விஸ்ட். 2016-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்துல, இந்தப் பிரச்னை இருந்த பெண்களுக்கு டூட்டாஸ்டிரைடு கொடுத்துப் பார்த்தாங்க. அது அல்லோ உருவாகிற முதல் படியையே அடைக்கிற மருந்து. மேதாவி கணக்குப்படி நிலைமை மோசமாகணும். ஆனா அதிக டோஸ்ல அறிகுறி குறைஞ்சது! அவங்களுக்குத் தொந்தரவு கொடுத்தது அல்லோ கம்மியா இருக்கிறது இல்ல. மாசா மாசம் அது ஏறி இறங்கறது. ‘மூளை ஸ்டீராய்டு ஏறினா ஜாலி’ங்கிற சமன்பாடு அங்கேயே அவுட்.

இதே படியை அடைக்கிற இன்னொரு மருந்தைப் பசங்கள்ல பல பேருக்குத் தெரியும்: ஃபினாஸ்டிரைடு. முன் நெத்தி ஏறுதுனு பயந்து, யாரையும் கேட்காம வாங்கிப் போடுற அதே மாத்திரைதான். அதைச் சாப்பிடுற சிலருக்குத் தற்கொலை எண்ணம் வர்றதா வந்த புகார்களை ஆராய்ஞ்சு, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் அதைப் பக்கவிளைவா உறுதி பண்ணியிருக்கு. எத்தனை பேருக்கு வரும்னு சொல்ல முடியலை. முடி மாத்திரை மூளை வரைக்கும் எட்டும்னு தெரிஞ்சுக்கிட்டு, தோல் டாக்டர்ட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க தலைவா.

சிகாகோ எலிகளோட கதை வீணாப் போகலை. மாத்திரையைச் சுரண்டறதுக்குப் பதிலா, அல்லோவையே மருந்தாக்கினா என்னன்னு கிளம்பினாங்க. பிரசவத்துக்குப் பிறகு அம்மாக்களுக்கு வர்ற மனச்சோர்வுக்கு, பிரெக்ஸனலோன்ங்கிற பேர்ல அது 2019 மார்ச்ல அமெரிக்காவுல அனுமதி வாங்கிச்சு. பிரசவத்தோட அல்லோ திடீர்னு சரியுது, அதனால அங்கே ஆரம்பிச்சது லாஜிக்தான். ஆனா 60 மணி நேரம் ஆஸ்பத்திரியில படுத்து, டிரிப்ஸ்ல ஏத்திக்கணும். மருந்துக்கு மட்டும் சுமார் 34,000 டாலர். தூக்கம் திடீர்னு அமுக்கும்ங்கிறதால குழந்தையைக் கொஞ்சும்போது பக்கத்துல ஆள் இருக்கணும்னு விதி. 2024 கடைசியோட அந்த மருந்தைக் கம்பெனியே நிறுத்திட்டாங்க. அதோட தம்பி ஸுரனலோன், கேப்ஸ்யூல், 14 நாள் சாப்பாட்டோட ராத்திரியில போடணும். 2023 ஆகஸ்ட்ல பிரசவ மனச்சோர்வுக்கு ஓகே ஆச்சு. போட்டுட்டு 12 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. அதே மருந்தைப் பொதுவான மனச்சோர்வுக்கும் கொடுக்கலாமானு கம்பெனி கேட்டப்போ, ஆதாரம் பத்தலைனு எஃப்.டி.ஏ. ஃபைலைத் திருப்பி அனுப்பிடுச்சு.